அதிமதுரக் கஷாயம்

"நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களாம்மா? லேகியம், சூரணம், கஷாயம்... எதுனாச்சும்?"

டாக்டர் மாலதி கேட்டதும், அமிர்தத்தின் கால் கட்டிலுக்கடியில் இருந்த ஒயர் கூடையை மெல்லப் பின்னால் தள்ளியது.

"இல்லைங்க டாக்டர். நீங்க எழுதிக் குடுத்த மாத்திரை மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் இல்லன்றேனே."

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த அவள் கணவர் ஞானசேகரனிடம் திரும்பினார்.

"வலது காலைத் தூக்குங்க சார்."

ஞானசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் அவர். நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்கால் தேய்ந்து, அந்த வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதைப் போன வாரங்களில் பார்த்தோம். குழாய் விட்டுப் பார்த்துப் புண் என்று சொன்னவரும் இதே டாக்டர் மாலதிதான். புண்ணுக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ஒரு தண்ணி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வயிறு தேறி வருகிறது என்று வீடு கொஞ்சம் மூச்சுவிட்ட நேரத்தில், இன்று விடிகாலை பாத்ரூமில் உட்கார்ந்த மனிதரால் எழுந்திருக்க முடியவில்லை.

மகன் சிலம்பரசன்தான் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் போட்டான். பக்கவாதமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது.

"பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்குமா. தசை வேலை செய்யறதுக்கு அது வேணும். இப்போ காலோட நிக்குது. ஆனா இதயமும் தசைதான்." டாக்டர் ஈசிஜி தாளை மடித்தார். "டிரிப்ஸ்ல ஏத்தறோம். எதனால குறைஞ்சதுன்னு தெரியணும். வாந்தி இல்ல, பேதி இல்லன்றீங்க. தண்ணி மாத்திரையால இவ்வளவு குறையாது. அதுக்காகத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறேன்."

அமிர்தம் தலையாட்டினாள்.

கூடைக்குள் ஃபிளாஸ்க் இருந்தது. ஃபிளாஸ்க்குக்குள் அதிமதுரக் கஷாயம்.

அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தீங்க? எங்க பொண்ணு. பொண்ணு என்ன பண்றாங்க? சிதம்பரத்துல இதே அதிமதுரத்துல ஆராய்ச்சி பண்றா. இன்னிக்குத்தான் பெரிய பெரிய புரொபசர்ங்க முன்னாடி பேசப் போறா. அந்தப் பெயர் இந்த ஆஸ்பத்திரியில் அடிபட்டு, அங்கே போய்ச் சேர்ந்து, ஐந்து வருஷப் படிப்பு கெட்டால்?

தவிர, கஷாயத்தின் மேல் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. குடிக்க ஆரம்பித்த பிறகுதானே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பது நின்றது? மகளே மேடையில் நின்று சொல்லியிருக்கிறாள். அந்த வீடியோவை அமிர்தம் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை. 'வயித்தோட உள்சுவருக்கு அதிமதுரம் ஒரு போர்வை போர்த்தின மாதிரி.' எவ்வளவு அழகாகச் சொன்னாள்!

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அமிர்தம் ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஒரு டம்ளர் ஊற்றினாள்.

"கொஞ்சம் தலையைத் தூக்குங்க. வெறும் வயித்துல இத்தனை மருந்து ஏறுது. புண்ணு மறுபடி கிளம்பிடப் போவுது."

ஞானசேகரன் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

*

சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறை மாடியில், சத்யப்பிரியா தன் லேப்டாப்பை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் அவளுடைய முறை. வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சரி என்றால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும்.

அவளுடைய ஆராய்ச்சியைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அதிமதுர வேரில் இருக்கும் இனிப்புப் பொருள் வயிற்றின் உள்பூச்சைக் கெட்டியாக்கி, அமிலம் புண்ணில் படாமல் காக்கிறது. அதே பொருள் சிறுநீரகத்தையும் ஏமாற்றுகிறது. உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. பிரஷர் ஏறுகிறது. வெளிநாட்டில் அந்தப் பொருளைக் கொஞ்சம் மாற்றி, வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரையாகவே ஒரு காலத்தில் விற்றார்கள். புண் ஆறியது. ஆனால் பலருக்குக் கால் வீங்கியது, பிரஷர் எகிறியது. பிறகு வேறு நல்ல மாத்திரைகள் வர, அது ஒதுங்கிவிட்டது.

சத்யப்பிரியா அந்த மூலக்கூறின் இன்னொரு முனையை மாற்றியிருந்தாள். நல்லது நிற்க வேண்டும், கெட்டது போக வேண்டும். எலிகளின் வயிற்றில் அது நடந்திருந்தது. மனிதர்களிடம் போக இன்னும் எத்தனையோ வருடங்கள்.

போன் அதிர்ந்தது. தம்பி.

"அக்கா... அம்மா உங்கிட்ட சொல்லாதன்னாங்க. மீட்டிங் முடியட்டும்னாங்க. எனக்கு மனசு கேக்கல."

"என்னாடா?"

"அப்பாவுக்கு ரெண்டு காலும் வரல. காலையிலேயே அட்மிட் பண்ணிட்டோம்."

அவள் எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஆரோக்கியராஜ் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டவர், விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"வந்தவங்க சாயங்காலம் கிளம்பறாங்க. இவங்களை மறுபடி சேத்து உக்கார வைக்கிறது லேசு இல்லம்மா. உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"உன் இடத்துல நான் இருந்தா என்ன செய்வேன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"நான் போறேன் சார்."

"சரி, போ. கீழ நான் பேசிக்கறேன்."

பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடம் இல்லை. வண்டி புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் தம்பி மறுபடி லைனில் கிடைத்தான்.

"பக்கவாதமாடா?"

"இல்லக்கா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. பொட்டாசியமோ என்னமோ கம்மியாம். அத ஏத்திக்கிட்டுத்தான் இருக்காங்க."

சத்யப்பிரியா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். பொட்டாசியம். இன்று மதியம் திரையில் காட்ட இருந்த படங்களில் பாதி அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது.

"சிலம்பு, அப்பா அதிமதுரம் ஏதாவது சாப்பிட்டாரா?"

"தெரியலையேக்கா. நான் எப்பவும் கடையிலயே கெடக்கேன், வீட்ல என்ன நடக்குதுன்னு..."

"அம்மாகிட்ட கேளு. இப்பவே கேளு. லைன்லயே இருக்கேன்."

வண்டியின் இரைச்சலுக்குள் அவள் காதை அழுத்திக்கொண்டாள். தம்பி கேட்பது கேட்டது. அம்மாவின் பதில் கேட்கவில்லை.

"இல்லன்னு சொல்றாங்கக்கா. உன்ன ஏன் கூப்பிட்டேன்னு என்னத் திட்டறாங்க."

சரி, இல்லை. அம்மா தன்னிடம் பொய் சொல்லமாட்டாள். அப்படியென்றால் வேறு என்ன? சிறுநீரகமா? ஏதாவது சுரப்பியில் கட்டியா? அவள் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்று பயமுறுத்தியது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ரசாயன நெடி உள்ளே வந்தபோது, பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். சத்யப்பிரியாவுக்கு எந்த வாசனையும் உறைக்கவில்லை.

*

அவள் மாடியேறி வந்தபோது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு துடிப்பு முறை தவறி, முந்திக்கொண்டு குதித்தது. பாடத்தில் பார்த்த கோடு. அப்பாவின் நெஞ்சிலிருந்து அது வருவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

சிலம்பரசன் சுவரோரம் நின்றிருந்தான்.

"ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்தாங்கக்கா. ஏத்தினதுக்கு அப்புறமும் ஏறவே இல்லையாம். இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்காம். டாக்டரம்மாவுக்கே ஒண்ணும் புரியல. பாண்டிச்சேரிக்கு எழுதித் தரட்டுமான்னு கேக்கறாங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். "பாப்பா... மீட்டிங் என்னாச்சு?"

"அது கெடக்குதுப்பா." அவள் குனிந்து அவர் நெற்றியைத் தொட்டாள்.

குனிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் மூச்சில் அந்த வாசனை. மண்ணும் வெல்லமும் கலந்த மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு வாசனை. ஐந்து வருடமாக அவள் துணியிலும் தலைமுடியிலும் படிந்திருப்பது. யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அமிர்தம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, வெளிய வா."

"டிரிப்ஸ் முடியப் போவுது, நான் பாத்துக்கிட்டு..."

"வெளிய வாம்மா!"

வராந்தாவில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்யப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். சிலம்பரசனும் பின்னால் வந்தான்.

"எவ்வளவு நாளா குடுக்கற?"

"என்னது?"

"அம்மா, அங்க ஓடுற கோட்டைப் பாத்தியா? அது எப்ப வேணா நின்னு போவும். இப்பவும் மறைப்பியா?"

அமிர்தம் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"புண்ணுன்னு தெரிஞ்ச வாரத்துல இருந்து. வேளைக்கு ஒரு டம்ளர்."

"இன்னிக்கு?"

"காலையில ஒண்ணு. மத்தியானம் ஒண்ணு."

"இங்கயா? ஆஸ்பத்திரியிலயா? ஒரு பக்கம் அவுங்க ஏத்த ஏத்த, இன்னொரு பக்கம் நீ எறக்கிக்கிட்டு இருந்தியா?"

"நீதான சொன்ன பாப்பா!" அமிர்தம் வெடித்தாள். "நீதான மேடையில நின்னு சொன்ன, போர்வை போர்த்தின மாதிரின்னு! எம்பொண்ணு பொய்யா சொல்லுவா? ஊர்ல உள்ளவங்கள்ளாம் உம்பேச்சக் கேட்டு வாங்கிக் குடிக்கறாங்க, நான் பெத்தவ, நான் குடுக்க மாட்டேனா? வலியே இல்லன்னாரு உங்கப்பா. ஒரு வாரத்துல வலியே இல்லன்னாரு."

"போர்வைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என்ன சொன்னேன்? பிரஷர் இருக்கறவங்க, தண்ணி மாத்திரை போடறவங்க தொடவே கூடாதுன்னு சொன்னேனே. அத நீ கேக்கலையா?"

"அப்படி எங்க சொன்ன? வீடியோவுல அப்படி ஒண்ணும் இல்லையே?"

சத்யப்பிரியா விழித்தாள். ஒரு பெண்கள் கல்லூரி விழாவில் பேசியது. முதல் பாதி முழுக்க நல்லது, இரண்டாவது பாதி முழுக்க எச்சரிக்கை. அப்படித்தான் திட்டமிட்டுப் பேசியிருந்தாள்.

"அக்கா." சிலம்பரசனின் குரல் கம்மியிருந்தது. "ஸ்டேட்டஸ்ல முழுசா வைக்க முடியலக்கா. நல்லா இருந்த பகுதிய மட்டும் வெட்டி வச்சேன். அம்மா அதைத்தான் பாத்தாங்க. சொந்தக்காரங்க குரூப்லயும் அதைத்தான் போட்டேன்."

கீழே ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

தம்பியை அறையலாம் போலிருந்தது. அம்மாவை உலுக்கலாம் போலிருந்தது. இரண்டு பேருமே அவளைப் பற்றிய பெருமையில் செய்திருந்தார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாமலிருந்தது.

"டாக்டர்கிட்ட வா," என்றாள். "நீதான் சொல்லணும். எவ்வளவு தூள், எத்தனை தடவை, எல்லாம்."

"உம்பேரு கெட்டுப் போவும் பாப்பா."

"அப்பா போயிட்டா பேர வச்சு என்னம்மா பண்றது?"

அமிர்தம் கட்டிலுக்குத் திரும்பிப் போய், கூடையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள். மேசை மேல் வைத்தாள். கும்பிட்டாள்.

"காலையில நான் உங்ககிட்ட பொய் சொன்னேங்க."

டாக்டர் மாலதி ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார். அளவைக் கேட்டார். ஒரு கை தூள் போட்டுச் சுண்டக் காய்ச்சியது என்றதும் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

"காலையிலயே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர், அமிர்தத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, உக்காருங்கம்மா. இப்பவாவது தெரிஞ்சுதே. தண்ணி மாத்திரைய உடனே நிறுத்தறோம். இந்த அதிமதுரம் செய்யற வேலைய எதிர்த்து நிக்கற வேற மாத்திரை ஒண்ணு இருக்கு, அதை ஆரம்பிக்கறோம். பொட்டாசியம் இனிமே நிக்கும்னு நெனைக்கறேன். ஆனா இது ஒடம்ப விட்டுப் போக நாளாகும். இன்னிக்கு ராத்திரி தாண்டணும்."

பிறகு சத்யப்பிரியாவிடம் திரும்பினார். "அந்த வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்காம்மா?"

அவள் திரும்பி, வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

*

பொழுது சாய்ந்த நேரத்தில் அடுத்த ரிப்போர்ட் வந்தது. கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் முதல் முறையாக ஏறியிருந்தது. மானிட்டரில் கோடு ஏறக்குறைய ஒழுங்காக ஓடியது.

"காலை அசைங்க சார்," என்றார் நர்ஸ்.

வலது காலின் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது. ஞானசேகரன் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தார். சிலம்பரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

"உன் மருந்துன்னுதான் குடிச்சேன் பாப்பா," என்றார் ஞானசேகரன் மெதுவாக. "கசந்திருந்தாலும் குடிச்சிருப்பேன்."

"அது என் மருந்து இல்லப்பா. என் மருந்து இன்னும் எலியத் தாண்டல. இது வெறும் வேரு. இதுல இருக்கற கெட்டதை எடுக்கத்தான் நான் அங்க கெடந்து அல்லாடறேன்."

"அப்ப சீக்கிரம் முடி. வயிறு நெஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்க முயன்றாள். அழுகைதான் வந்தது. ஆரோக்கியராஜிடமிருந்து இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. திருப்பிக் கூப்பிடத் துணிவில்லை. தம்பியின் போனை வாங்கி, குரூப்பில் கிடந்த வீடியோவை முதலில் அழித்தாள். ஆனால் எத்தனை பேர் அதை வேறு எங்கெங்கே அனுப்பினார்களோ? யாரும் அந்தக் கஷாயத்தைக் குடிக்கக் கூடாது என்று பேசிப் பதிவு செய்து அதே குரூப்பில் போட்டாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று அப்படியே அனுப்பினாள்.

கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த அமிர்தம் திடீரென்று நிமிர்ந்தாள்.

"பாப்பா, எங்கண்ணன் இந்த குரூப்பெல்லாம் பாக்கவே மாட்டாரே."

"யாரு, புவனகிரி மாமாவா?"

"அன்னிக்கு நாட்டு மருந்துக் கடைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் போனோம். நான் சொல்லித்தான் அவரும் ஒரு பொட்டலம் வாங்கினாரு."

அமிர்தத்தின் அண்ணன் தட்சிணாமூர்த்திக்குச் சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. சத்யப்பிரியா போனை நீட்டினாள். ஆனால் அமிர்தம் தன் போனையே எடுத்து, தானே எண்ணை அழுத்தினாள். காலையில் மறைத்த வாய் இப்போது ஒரு நொடி தாமதிக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு வாங்கினமே அதிமதுரத் தூளு, அதக் குடிக்காத. கீழ கொட்டிடு. உன் மச்சானுக்கு அதாலதான் ஒடம்பு படுத்திடுச்சு. உசுரு பொழைச்சதே பெருசு. என் தப்புதான்ணே, நான்தான் உனக்கும் வாங்கச் சொன்னேன்."

மறுமுனையில் தட்சிணாமூர்த்தி முதலில் மச்சானைப் பற்றிப் பதறினார். பிறகு, "நான் எங்க குடிச்சேன்? எனக்குத்தான் இனிப்பே ஆவாதே," என்றார். "வினோதினிக்கில்ல காய்ச்சிக் குடுக்கறோம்."

அமிர்தம் மகளைப் பார்த்தாள். வினோதினி அவருடைய ஒரே மகள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"எதத் தின்னாலும் நெஞ்சு எரியுதுன்னு அழுவறா. இங்கிலீஷ் மருந்து வேணாம், புள்ளைக்கு ஆவாது, நம்ம பாப்பா சொன்ன மருந்தே இருக்குதேன்னு உங்க அண்ணிதான்..."

சத்யப்பிரியா போனைப் பறித்தாள்.

"மாமா, நான் பிரியா. வினோதினி இப்ப என்ன பண்றா?"

"படுத்திருக்கா பாப்பா. மத்தியானத்துல இருந்து ஒரே தலைவலி. காலெல்லாம் வீங்கியிருக்கு. மாசமா இருக்கறவளுக்கு வீங்கறதுதானே? கண்ணு மங்கலாத் தெரியுதுன்னா. தூங்கி எழுந்தா சரியாவும்னு படுக்க வச்சிருக்கோம்."

"அவள எழுப்புங்க. உடனே வண்டி புடிங்க. புவனகிரி ஜி.ஹெச்.சுக்குப் போங்க, மொதல்ல பிரஷர் பாக்கச் சொல்லுங்க. கஷாயம் குடிச்சான்னு மறக்காம சொல்லுங்க. மாமா, நான் சொல்றது கேக்குதா? தூங்க விடாதீங்க."

சிலம்பரசன் அதற்குள் பைக் சாவியோடு படியில் இறங்க ஆரம்பித்திருந்தான்.

போனைக் கையில் பிடித்தபடியே தட்சிணாமூர்த்தி உள்ளறைக்கு நடப்பது கேட்டது. கதவு திறந்தது. மகளைக் கூப்பிட்டார். கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை கூப்பிட்டார்.

மூன்றாவது முறை கூப்பிட்டது வினோதினியின் அம்மா தைலம்மாள். அது கூப்பிடுகிற குரலாக இல்லை.